பாமிர் மலையில் ஒரு முனாஜாத்து

“மாமா, இது யாழா?”

சென்ற ஆண்டு விடுமுறையில் ஊர் வந்திருந்த எங்கள் அண்டை வீட்டுப் பிள்ளை, தம் கைப்பேசியை என் காதருகே பிடித்துக்கொண்டு கேட்ட கேள்வி இது. அவர் தஜிகிஸ்தான் நாட்டின் தலைநகராகிய துஷான்பேயில் மருத்துவம் பயில்கின்றார். பள்ளி நாள்களில் மாலைதோறும் என்னிடம் தமிழ் படித்தவர். யாழின் உறுப்புகளைத் தாளில் வரைந்து நான் விளக்கியதை இன்னும் மறக்கவில்லை போலும்.

கைப்பேசியிலிருந்து எழுந்த ஒலி நான் அதுவரை கேட்டறியாதது. வீணையின் மினுக்கம் அதில் இல்லை. சித்தாரின் சிலம்பலும் இல்லை. ஆழ்ந்த கிணற்றுக்குள்ளிருந்து ஒருவர் அடங்கிய குரலில் பேசுவது போன்ற கனத்த நரம்பொலி. அதனோடு இயைந்து ஒரு முதியவரின் குரல்.

“யாழ் இல்லை, தம்பி. என்ன கருவி இது?”

“ருபாப் என்கிறார்கள், மாமா. இவர் பாடும் இந்தத் தொடக்கப் பகுதிக்கு முனாஜாத் என்று பெயராம்.”

அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் திடுக்கிட்டுப் போனேன். முனாஜாத்து! இறைவனிடம் அடியான் தனித்து உரையாடுதல் என்னும் பொருளுடைய அரபுச் சொல். தமிழ் முஸ்லிம்கள் கிஸ்ஸா, மசாலா, நாமா, படைப்போர் என வளர்த்த இலக்கிய வகைகளுள் ஒன்றின் பெயர். வகுப்பறையில் நூறு முறை நான் சொல்லியிருக்கும் சொல். ஆயினும் அன்று அது என் நினைவுக்குக் கொண்டுவந்தது வகுப்பறையை அன்று. என் நன்னாவின் முகத்தை. அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்கின்றேன். முதலில் அந்தப் பிள்ளை கண்டு வந்த நாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மலையும் வீடும்

தஜிகிஸ்தானின் நிலப்பரப்பில் 90 விழுக்காட்டிற்கும் மேற்பட்டது மலை. 1991இல் சோவியத் ஒன்றியம் சிதைந்தபோது அது தனி நாடாயிற்று. அதன் கிழக்கே, நாட்டுப் பரப்பில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தன்னுள் அடக்கி நிற்பது மலைப் பதக்‌ஷான் என்னும் தன்னாட்சி மாநிலம். ‘உலகின் கூரை’ எனப் புகழப்படும் பாமிர் மலைகள் அங்கேதான் உள்ளன. பரப்பு பெரிது, மக்கள் தொகையோ மிகச் சிறிது. பஞ்ச் ஆறு ஒரு கோடு கிழித்தாற்போல் ஓடுகின்றது; இக்கரை தஜிகிஸ்தான், அக்கரை ஆப்கானிஸ்தான். ஷுக்னி, ரூஷானி, வாஹி எனப் பள்ளத்தாக்குக்கு ஒரு மொழி. ஆனால், சமயப் பாடல்கள் பெரும்பாலும் பாரசீகத்திலேயே பாடப்படுகின்றன.

தஜிக் மக்களுள் பெரும்பாலோர் நம்மில் பலரைப் போன்றே ஸுன்னிகள்; ஹனஃபி வழியினர். பாமிர் மலைவாழ் மக்களுள் பெரும்பாலோரோ இஸ்மாயிலி ஷியாப் பிரிவினர். 1004ஆம் ஆண்டில் பிறந்த பாரசீகப் பெருங்கவிஞர் நாஸிர் குஸ்ரவ், தம் இறுதிக் காலத்தைப் பதக்‌ஷானின் யும்கான் பள்ளத்தாக்கில் கழித்தார். அம்மக்கள் அவரையே தம் வழிகாட்டியாகப் போற்றுகின்றனர். வழிபாட்டு முறையில் அவர்களுக்கும் நமக்கும் வேறுபாடுகள் உண்டு. அவற்றை மறைத்து எழுதுவது என் நோக்கமன்று. அவற்றை வைத்து வழக்காடுவதும் என் நோக்கமன்று.

அவர்களுடைய வீடே ஒரு நூல் எனலாம். நடுக்கூடத்தை ஐந்து தூண்கள் தாங்குகின்றன. அவற்றை நபிகள் நாயகம் (ஸல்), அலீ (ரலி), ஃபாத்திமா (ரலி), ஹஸன் (ரலி), ஹுஸைன் (ரலி) ஆகிய ஐவரோடும் இயைத்துப் பேசுவர். கூரையின் நடுவே, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருங்கிச் செல்லும் நான்கு சதுரங்களின் உச்சியில் ஒரு திறப்பு. அதன் வழியே ஒளி இறங்கும். இத்தகைய கூடத்தில்தான் ருபாப் ஒலிக்கின்றது. அதற்கு மேடை வேண்டுவதில்லை.

மரமும் தோலும் நரம்பும்

நம் ஆற்றுப்படை நூல்கள் யாழின் உறுப்புகளைப் பத்தர், போர்வை, கோடு, நரம்பு என்று பெயர் சுட்டி வருணிக்கின்றன. அந்தப் பழஞ்சொற்களைக் கொண்டே ருபாபையும் விளக்கிவிடலாம். நன்கு உலர்ந்த முசுக்கட்டை மரத்தையோ பாதாமி என்னும் சர்க்கரைப் பாதாமி மரத்தையோ தேர்ந்து, ஒரே கட்டையிலிருந்து பத்தரையும் தண்டையும் செதுக்கிக் குடைந்தெடுப்பர். பத்தரின் வாய்க்கு விலங்கின் தோலே போர்வை. தண்டும் பத்தரும் கூடுமிடத்தில் கொம்புகள் போன்ற இரு நீட்சிகள். ஆறு நரம்புகள், முன்னர் விலங்கின் குடலால் ஆனவை, இந்நாளில் பெரும்பாலும் நைலான். வீணையில் காண்பது போன்ற மெட்டுகள் பாமிர் ருபாபின் தண்டில் இல்லை. விரலும் செவியுமே சுரத்தின் இடத்தை அறிய வேண்டும்.

யாழுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். யாழில் நரம்பு ஒன்றுக்குச் சுரம் ஒன்று. ருபாபிலோ இடக்கை விரல் தண்டின்மேல் நரம்பை அழுத்த, ஒரே நரம்பு பல சுரங்களைப் பேசும். எனவே அப்பிள்ளை கேட்ட கேள்விக்கு ‘அன்று’ என்பதே விடை. ஆயினும் தோல் போர்த்த பத்தரிலிருந்து எழும் நரம்பொலியைக் கேட்டு அவர் யாழை நினைந்ததில் வியப்பில்லை.

ருபாப் என்னும் பெயரில் ஒரு குடும்பமே இருக்கின்றது. ஆப்கானிய ருபாபில் முதன்மை நரம்புகளோடு உடன் அதிரும் பக்க நரம்புகளும் உண்டு. வட இந்தியாவின் சரோத் அதன் வழியில் வந்தது. குரு நானக்கின் உடன் நடந்த பாய் மர்தானா என்னும் முஸ்லிம் இசைவாணர் கையில் இருந்ததும் ரபாப்தான். நீண்ட தண்டுடைய கஷ்கர் ருபாப், நடு ஆசிய இசைக்குழுக்களில் இடம்பெற்றது. இவற்றுள் பாமிர் ருபாபே எளியது; ஒலியில் மிகத் தாழ்ந்து ஆழ்ந்தது.

அந்த இரவு

மருத்துவம் பயிலும் அப்பிள்ளை, உடன் படிக்கும் பாமிர் நண்பரோடு கோடை விடுமுறையில் ஹோரோக் நகருக்குப் புறப்பட்டார். துஷான்பேயிலிருந்து 500 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட மலைப்பாதை அது. சென்றடைந்த மறுநாளே நண்பரின் பாட்டனார் மறைந்துவிட்டார். விருந்தினராகச் சென்றவர் துக்க வீட்டில் ஒருவராக அமர நேர்ந்தது.

இரவு தொடங்கியதும் முதியவர் ஒருவர் வந்தார். மத்தாஹ் என்று அவரை அழைத்தனர். மத்ஹு, அதாவது புகழ் பாடுபவர் என்பது பொருள். அவர் பாடும் பாடல் தொகுதிக்கும் அங்கே மத்தாஹ் என்றே பெயர். வந்தவர் ருபாபைக் கையில் எடுத்தார், அதை முத்தமிட்டார், கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு வாசிக்கத் தொடங்கினார். முதலில் தாளக்கட்டு இல்லாமல் மெல்ல நகர்ந்த முனாஜாத். பின்னர்ச் சற்று விரைந்து, இறைவனையும் நபிகள் நாயகத்தையும் அவர்தம் குடும்பத்தாரையும் புகழும் பாடல்கள். நாஸிர் குஸ்ரவ், மௌலானா ரூமி, ஹாஃபிஸ் ஆகியோரின் கவிதைகள் அம்மரபில் இடம்பெறுவதுண்டு. ஒருவர் தஃப் தட்டினார். அதுவும் அடங்கிய ஒலியே.

“யாரும் கைதட்டவில்லை, மாமா. யாரும் பேசவில்லை. அழுதவர்கள் அழுதார்கள். பாட்டு நின்றபோது ஆமீன் என்றார்கள். விடிய விடிய இப்படியே சென்றது. அன்றிரவு கைப்பேசியை வெளியில் எடுக்க எனக்கு மனம் வரவில்லை. மூன்றாம் நாள் கழிந்த பிறகு அந்தப் பெரியவரிடம் சென்று கேட்டேன். முற்றத்தில் அமர்ந்து நான்கு நிமிடம் வாசித்துக் காட்டினார்கள். அதுதான் இது.”

மறைந்தோருக்காக விளக்கேற்றி ஓதும் ‘சிராக் ரவ்ஷன்’ என்னும் சடங்கும் அம்மக்களிடையே உண்டு. துயர் இரவில் மட்டுமன்று, திருமண வீட்டிலும் ருபாப் உண்டு. அங்கே அதன் நடை வேறு. நோயுற்றவரின் அருகிலும் மத்தாஹ் பாடப்படுவதுண்டு. அதனை நேரில் கண்டு ஆராய்ந்த பெஞ்சமின் கோயன் என்னும் இசை ஆய்வாளர், பாமிர் மக்களிடம் இசையும் இறைஞ்சுதலும் நோய் தீர்த்தலும் பிரிவற்றுக் கிடப்பதை ஒரு முழு நூலாகவே எழுதியுள்ளார். மருத்துவ மாணவராகிய எங்கள் பிள்ளை இதைச் சொன்னபோது அவர் குரலில் ஏளனம் இல்லை. “மருந்து வேறு, இது வேறு, மாமா. ஆனால் இதுவும் வேண்டியிருக்கிறது” என்றார்.

நான் செய்த பிழை

இனி நன்னாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் தாயைப் பெற்ற அவர் பள்ளிக்கூடம் சென்று பயின்றவரல்லர். துணி வணிகம் செய்தவர். கணக்கேடு போன்ற ஒரு தடித்த குறிப்பேட்டில், பாதி தமிழிலும் பாதி அரபுத்தமிழிலுமாகப் பல முனாஜாத்துகளைத் தம் கைப்பட எழுதி வைத்திருந்தார். ஊரில் எவர் மறைந்தாலும் அடக்கம் முடிந்த இரவில் அந்த வீட்டுத் திண்ணையில் சென்று அமர்வார். கருவி ஏதும் இல்லை, குரல் மட்டுமே. பாடி முடித்துத் தேநீர்கூட அருந்தாமல் எழுந்து வந்துவிடுவார்.

நான் கல்லூரி மாணவனாக இருந்த காலம். நான்கு நூல்கள் படித்துவிட்டால் நாற்பது நூல்கள் படித்த செருக்கு வரும் வயது. ஒருநாள் அவர் முன்னே நின்று, “நன்னா, இதெல்லாம் மார்க்கத்தில் இல்லை. ஓத வேண்டியதை ஓதினால் போதும், பாட்டு எதற்கு?” என்று கேட்டுவிட்டேன். அவர் சினக்கவில்லை. குறிப்பேட்டை மூடினார். என் முன்னே அவர் பிறகு பாடியதே இல்லை.

சில ஆண்டுகளில் அவர் மறைந்தார். வீட்டிற்கு வெள்ளையடித்தபோது அந்தக் குறிப்பேடு வெளியே வந்தது, கரையான் அரித்திருந்தது. அல்லாஹ்வின் திருப்பெயர் இருப்பதால் எடைக்குப் போடலாகாது என்றனர் பெரியோர். முறைப்படி அதைக் கிணற்றில் விட்டோம். விட்ட கை என் கைதான். தமிழ் படித்துக்கொண்டிருந்த எனக்கு, அதை ஒருமுறை பிரித்துப் பார்க்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

இசை பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை இம்மலரைப் படிக்கும் பெரியோர் என்னினும் நன்கறிவர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா’வில் இசை கேட்டல் பற்றித் தனிப் பகுதியே வரைந்தார்கள். பாட்டிற்கும் தஃபிற்கும் இடமளித்த அவர்கள், குடிப்போர் அவையின் அடையாளம் என்பதால் நரம்புக் கருவிகளை விலக்கினார்கள். அவர்கள் சுட்டிய காரணத்தை எண்ணிப் பார்க்கின்றேன். ஒரு கருவி எந்த அவையில் இருக்கின்றது, எதனை நினைவூட்டுகின்றது என்பதே அவர்கள் நோக்கில் முதன்மையாக நிற்கின்றது. பாமிர் மலையில் அந்த நரம்பு மதுவை நினைவூட்டவில்லை, மறுமையை நினைவூட்டுகின்றது. இதனால் நான் தீர்ப்பு எதுவும் கூற வரவில்லை. அதற்குரிய கல்வி எனக்கில்லை. கருவியே இல்லாமல் பாடிய ஒரு முதியவரின் வாயை, அந்தக் கல்வி சிறிதும் இல்லாத காலத்தில், நான் அடைத்தேன் என்பதை மட்டுமே சொல்ல வருகின்றேன்.

எது காத்தது?

அந்தக் கருவிக்கும் இடர் வராமல் இல்லை. சோவியத் ஆட்சியில் சமயம் பொதுவாழ்விலிருந்து ஒதுக்கப்பட்டது, வழிபாட்டிடங்கள் மூடப்பட்டன, சமயப் பொறுப்பில் இருந்தோர் ஒடுக்கப்பட்டனர். நாட்டுப்புற இசை என்னும் பெயரில் ருபாப் மேடைக்கு அழைக்கப்பட்டது. மேடையில் சொல்லலாகாத பாடல்களோ ஐந்து தூண் கூடத்திலேயே தங்கின. 1992 முதல் 1997 வரை உள்நாட்டுப் போர். உணவே வராத மாதங்களை அந்த மலைகள் கண்டன.

இக்காலத்தில் கருவிகளைத் தேடிச் சேர்த்தவர்களும் உண்டு. பாமிரில் பிறந்த புகழ்பெற்ற நடிகர் குர்மிஞ்ச் ஸவ்கிபேகோவ், தாம் திரட்டிய இசைக்கருவிகளைக் கொண்டு 1990இல் துஷான்பேயில் ஓர் அருங்காட்சியகம் அமைத்தார். 2003இல் அவர் மறைந்தார். வாஹான் பள்ளத்தாக்கின் யம்க் என்னும் சிற்றூரில் வாழ்ந்து 1903இல் மறைந்த சூஃபிக் கவிஞர் முபாரக் வாஹானி, தாமே இசைக்கருவி செய்தவர், வானியலும் அறிந்தவர். அவர் வாழ்ந்த இடமும் இன்று அருங்காட்சியகமாக நிற்கின்றது.

2022 மே மாதத்தில் அம்மாநிலத்தில் மீண்டும் குருதி சிந்தியது, பலர் உயிரிழந்தனர். 2024 டிசம்பரிலோ ருபாப் செய்யும் கலையையும் வாசிக்கும் கலையையும் ஆப்கானிஸ்தான், ஈரான், தஜிகிஸ்தான், உஸ்பெகிஸ்தான் ஆகிய நான்கு நாடுகளின் பெயரில் யுனெஸ்கோ நிறுவனம் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பெருமைதான், மகிழ்ச்சிதான். ஆயினும் பட்டியலில் பெயர் ஏறியதாலா ருபாப் வாழ்கின்றது? பட்டியல் வருவதற்கு முன்னரே, எவரும் பார்க்காத பனிக்கால இரவுகளில், துக்க வீட்டார் ஒரு முதியவருக்கு ஆளனுப்பினார்களே, அதனால் அன்றோ அது வாழ்கின்றது?

நம் யாழை எண்ணிப் பாருங்கள். புறநானூற்றின் 281ஆம் பாட்டில், புண்பட்ட வீரன் கிடக்கும் மனையில் வேம்பின் தழை செருகி, ஐயவி சிதறி, யாழும் பல இயங்களும் ஒலிக்கக் காஞ்சிப் பண் பாடி அவனைக் காப்பதற்குப் பெண்கள் அழைக்கக் காண்கின்றோம். ஆம்! யாழுக்கும் ஒருகாலத்தில் நோயாளியின் அருகே வேலை இருந்தது. அந்த வேலை போயிற்று. அதனைச் செய்த பாணர் வாழ்வும் நிலைகுலைந்தது. பின்னர் யாழும் போயிற்று. விபுலாநந்த அடிகள் பல்லாண்டு உழைத்து 1947இல் ‘யாழ் நூல்’ அளித்தார். நூல் கிடைத்தது, ஆனால், துயர் இரவில் யாழ் வாசிக்க ஆளனுப்பும் வீடு கிடைக்கவில்லை. ஒரு கலையைக் காப்பது அது வீட்டில் செய்யும் வேலை. அந்த வேலை நின்ற பிறகு அறிஞர்கள் வருவார்கள். அவர்களால் எலும்பைத்தான் எண்ண முடியும்.

எஞ்சியது

அப்பிள்ளை சென்றபின் நான் அம்மாவிடம் போய் அமர்ந்தேன். அவர்களுக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது. “நன்னா பாடிய முனாஜாத்து ஏதாவது நினைவிருக்கிறதா, அம்மா?” என்று கேட்டேன்.

நெடுநேரம் பேசாமல் இருந்தார்கள். பிறகு சொன்னார்கள்: “நீ சொன்னதற்குப் பிறகு அத்தா வீட்டுக்குள் பாடவே இல்லையப்பா. தஹஜ்ஜுத் நேரத்தில் கொல்லைப் பக்கம் போய், கிணற்றடியில் உட்கார்ந்து, மெதுவாகப் பாடிக்கொள்வார்கள். நீ விழித்துக்கொள்ளக் கூடாதே என்று.”

எனக்கு மறுமொழி கூற நாவெழவில்லை.

அம்மா பாடினார்கள். குரல் நடுங்கிற்று, இடையிடையே சொல் மறந்தது. பதினொரு அடிகள் கிடைத்தன. அவற்றுள் இரண்டு அடிகள் பாதியோடு நின்றுவிட்டன. பாடி முடித்து, யாரும் சொல்லாமலே, “ஆமீன்” என்றார்கள். விடுமுறை முடிந்து புறப்படும் முன் எங்கள் வீட்டிற்கு வந்த பிள்ளை, அம்மாவை மறுபடியும் பாடச் சொல்லித் தம் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டார். பாமிர் முதியவரின் நான்கு நிமிடமும் என் அம்மாவின் மூன்று நிமிடமும் இன்று ஒரே கைப்பேசியில் அருகருகே இருக்கின்றன. ஒன்று பாரசீகம், மற்றொன்று தமிழ். ஒன்றில் நரம்பு உண்டு, மற்றொன்றில் இல்லை. இரண்டும் அடியான் தன் இறைவனிடம் தனித்துப் பேசும் பேச்சே.

அன்பு மாணவர்களே! உங்கள் வீட்டில் பாடும் முதியவர் ஒருவர் இருந்தால், அவர் பாடுவது சரியா தவறா என்பதைக் கற்றறிந்த பெரியோரிடம் பிறகு கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் அருகே அமர்ந்து கேளுங்கள், எழுதிக்கொள்ளுங்கள். கிணற்றில் விட்ட ஏடு மீண்டு வாராது. இதனை என் அறிவால் சொல்லவில்லை; என் பிழையால் சொல்கின்றேன்.

எல்லாம் வல்ல அல்லாஹ் என் நன்னாவின் மண்ணறையை ஒளிமிக்கதாக ஆக்குவானாக! ஆமீன்.